வேறு நாடு, வேறு மதம், இணையத்தில் ஒரு தோழி: முதல் செய்தியிலிருந்து வீட்டு அறிமுகம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. கத்தோலிக்கக் குடும்பம். இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், அவள் முஸ்லிம். 2016இல் ஃபேஸ்புக்கில் ஒரு மீன் சமையல் குழுவில் பழக்கம் ஆனோம். இன்றும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசிவிடுவோம்.

நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். அங்கே வருகிற கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது துருக்கியிலும் எகிப்திலும் பிலிப்பைன்ஸிலும் நண்பர்கள் உண்டு. அந்த நட்புகளில் பாதி மூன்று மாதம் தாண்டுவதில்லை. "அக்கா, அவ பேசவே மாட்டேங்கிறா" என்று போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மேலே தள்ளித் தள்ளிப் படித்தால் கெட்ட எண்ணம் எதுவும் தெரியாது. கடைசியில் பேச வேண்டியதை முதலிலேயே பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் எதற்குப் பின் எது என்ற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். காதல், கல்யாணம் வேறு சங்கதி. அதற்குள் நான் போகவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நேரக் கணக்கு. ஆச்சே நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே பதினொன்று. விடியற்காலைத் தொழுகைக்கு எழும்புகிற வீட்டில் அது தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் நாம் அனுப்பும் பத்துச் செய்திகளுக்குப் பதில் வராது. அதைக் கோபம் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அதனால் அவர்கள் எழும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் முதல் வாரமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டு வழக்கத்தை உங்களால் சொல்ல முடிய வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவன். பன்னிரண்டு சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். துருக்கி நண்பனுக்குப் படம் எல்லாம் அனுப்பினான். "சிவன் கோயிலுக்கு ஓடும்போது ஏன் கோவிந்தா, கோபாலா என்று கூப்பிடுகிறீர்கள்?" என்று அந்த நண்பன் திருப்பிக் கேட்டான். இவனுக்குத் தெரியவில்லை. தாத்தாவிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் பீமனும் புருஷாமிருகமும் வரும் கதை கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லித்தான் அந்த நட்பு சூடு பிடித்தது.

நம்முடையதைச் சொல்லத் தெரியாவிட்டால் நாம் கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருப்போம். ஒருபக்கக் கேள்வி சீக்கிரமே விசாரணை மாதிரி ஆகிவிடும்.

2. மதத்தில் தொடங்காமல் ஒரு வேலையில் தொடங்குங்கள்

நாங்கள் தொடங்கியது மாசியில். சூரை மீனை அவித்துக் காயவைத்து நாம் மாசி செய்கிறோம் அல்லவா, ஆச்சேயிலும் அப்படி ஒன்று உண்டு. கெமாமா என்கிறார்கள். கட்டை மாதிரி இருப்பதால் 'மரமீன்' என்ற பொருளிலும் ஒரு பெயர் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் அதை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் இதே பேச்சு. மாசி முடிந்து தேங்காய், தேங்காய் முடிந்து மரச்சீனி, அதாவது மரவள்ளி. நாம் தூக்கிப்போடும் மரச்சீனி இலையை அவர்கள் நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டுக் கறி வைக்கிறார்கள் என்று தெரிந்த அன்று என் அம்மாவால் நம்பவே முடியவில்லை.

ஒரு வேலையைப் பற்றிப் பேசும்போது இருவரும் தெரிந்தவர்கள், இருவரும் கற்றுக்கொள்கிறவர்கள். யாருக்கும் தன் மதத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை வராது. தையல், கால்பந்து, செடி வளர்ப்பு, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு என்று எதுவாக இருந்தாலும் சரி. பேச்சு ஓய்ந்தால் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான். "நீங்கள் முஸ்லிமா? எனக்கு முஸ்லிம் நண்பர்களை ரொம்பப் பிடிக்கும்" என்று தொடங்குவது. அதைக் கேட்பவருக்கு, தன்னை ஓர் ஆளாகப் பார்க்கவில்லை, மாதிரிப் பொருளாகப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

3. எதிரில் இருப்பவர் யார் என்று உறுதி செய்யுங்கள்

மனம் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு சந்தேகப்பட மனசு வராது. முதல் மாதத்துக்குள் ஒரு வீடியோ அழைப்பு. காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆதார் படம், ஓ.டி.பி., வங்கி விவரம் எதுவும் வேண்டாம். "உனக்குப் பரிசு அனுப்பினேன், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டு" என்று வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள்.

வீடியோ அழைப்பில் இன்னொரு விஷயம். அழைப்பு தொடங்கியதும் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பெண்கள் மட்டும் பேசும்போது என் தோழி தலைத்துணி இல்லாமல் இருப்பாள். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது என் தம்பி சட்டை தேடி அறைக்குள் வந்துவிட்டான். திரை சட்டென்று இருண்டது. அவள் உள்ளங்கையால் கேமராவை மூடியிருந்தாள். அவன் வந்தது இரண்டு விநாடிதான். ஆனாலும் அந்த அழைப்பு அதற்குமேல் நீளவில்லை. அன்றிலிருந்து கதவைத் தாழிட்டுவிட்டு, "நான் மட்டும்தான்" என்று சொல்லித்தான் தொடங்குவேன். கேட்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

4. சொற்களைச் சரிபாருங்கள்

தமிழுக்கும் இந்தோனேசிய மொழிக்கும் நடுவில் மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகப் போய்வருகிறது. அந்த வழியில்தான் மதச் சொற்கள் தடுமாறும்.

"கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவேன். நம் கடப்புறத்தில் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். செயலி அதைக் 'குயில்' என்று மாற்றியது. அவர்கள் மொழியில் அது இந்துக் கோயில். நம் சொல்லே கடல் தாண்டிப் போய் அங்கே தங்கியது. நான்கு மாதம் என்னை இந்து என்று நினைத்து, மாட்டிறைச்சி சமைத்த நாளில் எல்லாம் எனக்குப் படம் அனுப்பாமல் தவிர்த்திருக்கிறாள். அவள் தேவாலயத்தைக் 'கெரெஜா' என்பாள். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: அவர்கள் ஊரில் 'கிறிஸ்தென்' என்றால் புராட்டஸ்டண்ட் மட்டும், கத்தோலிக்கர் தனி மதமாகவே எண்ணப்படுகிறார்கள்.

அப்புறம் 'மக்கா'. நாகர்கோவில் பக்கம் நெருங்கினவர்களை வேறெப்படிக் கூப்பிடுவோம்? "மக்கா, சாப்பிட்டாச்சா?" என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். "நீ மெக்காவைப் பற்றி என்ன கேட்கிறாய்?" என்று பதில் வந்தது. அவர்களுக்குச் 'சாப்பிடு' என்பது 'மக்கான்'. "சாப்பிட்டாச்சா" என்பதை நம்மைப் போலவே அவர்களும் நலம் விசாரிக்கத்தான் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: கடவுள், கோயில், பூசை, நோன்பு, சாமியார் போன்ற பத்துச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி, "நான் இதைச் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒரு படத்துடன் அனுப்பிவிடுங்கள். முறைச் சொல்லையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். என் தோழி என்னைவிட மூன்று வயது இளையவள். என்னை 'காக்' என்பாள், நம் அக்காதான். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி நான் வற்புறுத்தியிருந்தால் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.

பெயரை வைத்து மதத்தை ஊகிக்கவும் வேண்டாம். தேவி என்ற பெயருள்ள முஸ்லிம் பெண்கள் இந்தோனேசியாவில் நிறையப் பேர்.

5. நம்பிக்கையைக் கேட்பதற்கு முன் நாளைக் கேளுங்கள்

"உன் மதம் பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேட்டால், பாடம் ஒப்பிப்பது போல ஒரு பதில் வரும், இல்லாவிட்டால் சண்டை வரும். "வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் எப்படிப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அப்படிக் கேட்டதில் எனக்குக் கிடைத்தது இது. ஆச்சேயில் வெள்ளிக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. 'பங்லிமா லாவோட்' என்ற கடல் தலைவர்கள் பார்த்துக்கொள்ளும் பழைய கட்டுப்பாடு அது. நம் கடப்புறத்தில் ஞாயிறு கடலுக்குப் போகாத வழக்கத்தைச் சொன்னேன். அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் வாரத்தில் ஒரு நாள் வலையை உதறிப்போட்டுவிட்டுக் குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதை இருவரும் ஒருவருக்கொருவர் விவரித்தோம். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் எதைக் கேட்கவும் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

குறைந்தது மூன்று மாதம் இந்தப் படியிலேயே இருங்கள். அவசரப்பட இங்கே ஒன்றும் இல்லை.

6. காலண்டர்களை மாற்றிக்கொள்ளுங்கள்

ஒரே தாளில் இருவரின் நாட்களையும் எழுதுங்கள். இஸ்லாமிய மாதங்கள் பிறையைப் பின்பற்றுவதால் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னால் வரும். நாட்டுக்கு நாடு ஒரு நாள் மாறவும் செய்யும். 2025இல் ரமலான் அவர்களுக்கு மார்ச் 1 அன்று தொடங்கியது. நம் ஊரில் மார்ச் 2. எனக்குச் சாம்பல் புதன் மார்ச் 5. அந்த வருடம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாகவே நடந்தன. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் நோன்பு தொடங்கிவிட்டதா என்று பார்த்து வெளிநாட்டுத் தோழிக்கு வாழ்த்து அனுப்பினால் ஒரு நாள் தப்பிப்போகலாம்.

ரமலானில் பேசும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் நோன்பு திறப்பது நமக்கு மாலை ஐந்தேகால் வாக்கில். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அடுக்களை வேலை. அப்போது கூப்பிடக் கூடாது.

வாழ்த்து சொல்வதில் நான் பட்டது ஒன்று உண்டு. எங்கள் முதல் கிறிஸ்துமஸ் அன்று, நான் பெருநாளுக்கு வாழ்த்தியது போல அவளும் வாழ்த்துவாள் என்று காத்திருந்தேன். "அம்மா நலமா? கேக் நன்றாக வந்ததா?" என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்கு வலித்தது. மூன்று நாள் பேச்சைக் குறைத்துவிட்டேன். முஸ்லிம்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாமா என்பது இந்தோனேசியாவில் ஒவ்வொரு டிசம்பரும் எழும் விவாதம் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வளர்ந்த வீட்டில் சொல்வதில்லை. ஆனால் என் அம்மாவை விசாரிக்க வேறெந்த நாளையும் விட அந்த நாளைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆகவே முதல் பண்டிகைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "உங்கள் பண்டிகைக்கு நான் என்ன சொன்னால் உனக்கு நன்றாக இருக்கும்? என் பண்டிகைக்கு உன்னால் எது முடியும்?" முடியாது என்று வந்தால் அதை அன்புக் குறைவாகக் கணக்கிட வேண்டாம். பெருநாளன்று அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது நான் அவளுக்கு அனுப்புவது அந்த வாசகத்தைத்தான்.

7. 'இல்லை' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்

இந்தோனேசியர்களிடம் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டால் "இல்லை" என்பதைவிட "பெலும்" என்பார்கள். 'இன்னும் இல்லை' என்று பொருள். என் தோழி எதையும் முகத்துக்கு நேராக மறுக்க மாட்டாள். பிடிக்காவிட்டால் பேச்சை மாற்றுவாள், இல்லையென்றால் இரண்டு நாள் காணாமல் போவாள். நாம் உடைத்துப் பேசிப் பழகியவர்கள். "ஏன் பேசல? என்ன பிரச்சினை? சொல்லு!" என்று அடுக்கினால் அவர்கள் இன்னும் உள்ளே ஒதுங்கிக்கொள்வார்கள்.

மௌனம் வந்தால் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "நான் ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால் நேரம் கிடைக்கும்போது சொல், கற்றுக்கொள்கிறேன்." பிறகு காத்திருங்கள். சில நாட்டுக்காரர்கள் இதற்கு நேர் எதிராக, பட்டென்று சொல்லிவிடுவார்கள். யார் எப்படி என்று பார்த்துப் பழக வேண்டும்.

8. இப்போது நம்பிக்கையைப் பேசலாம்

கேள்வியில் 'உங்கள் மதம்' என்று வராமல் 'நீ' என்று வரட்டும். "நீ தொழும்போது என்ன கேட்பாய்?" என்பது ஓர் ஆளிடம் கேட்கும் கேள்வி.

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று மதத்தாரும் தோளோடு தோள் இடித்து வாழும் மாவட்டம் நம்முடையது. அதனால் இது நம் நாக்கில் தயாராகவே இருக்கும். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் ஒருத்தி தன் உயிராக நினைப்பதை விவரிக்கும்போது இதைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்று பெயர். எங்கள் மாதாவின் பெயர். அது எங்களுக்குப் பொதுவான இடம். அவளுக்கு ஈசா ஒரு நபி, எனக்கு இயேசு கடவுள். அந்த இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவே மாட்டோம். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். மதம் மாறச் சொல்லும் வீடியோவோ துண்டுப் பிரசுரமோ இருவரும் அனுப்புவதில்லை என்பதையும் அன்றே பேசி முடித்தோம். இது மனதுக்குள் இருந்தால் போதாது, சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத வரை ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் 'இவள் என்னை இழுக்கிறாளோ' என்ற சந்தேகம் நிற்கும்.

ஜெபத்திலும் கேட்டுச் செய்யுங்கள். அவளுடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றி, சுரூபத்தின் முன்னால் அது எரியும் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு எழுதினாள்: "காக், நீ கடவுளிடம் கேட்டது எனக்கு ஆறுதல். ஆனால் அம்மா இந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும், அழித்துவிட்டேன், கோபிக்காதே." என் பிரியத்தை என் வழியில் காட்டினேன், அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசிக்கவில்லை. இப்போது "அம்மாவுக்காகக் கடவுளிடம் கேட்கிறேன்" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றத்தான் செய்கிறேன், படம் அனுப்புவதில்லை.

9. வீட்டாருக்கு அறிமுகம்

ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் ஒளிக்கவும் வேண்டாம். ஒளித்து வைத்தது தானாக வெளிப்பட்டால் ஒன்றுமில்லாததும் பெரிதாகத் தெரியும். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. "வேற மதத்து ஆளா?" என்று அவர்கள் தயங்கினால் அதற்கு ஒரு பயம் காரணம். அதைக் குறுகிய புத்தி என்று எடுத்தெறியாதீர்கள்.

சாமி அறைப் பக்கமோ டிவி முன்னாலோ அறிமுகம் செய்யாமல் அடுக்களையில் வைத்துச் செய்யுங்கள். என் அம்மா ஒரு கையில் மரச்சீனியையும் மறு கையில் கத்தியையும் வைத்துக்கொண்டுதான் அவளுடைய அம்மாவை முதலில் பார்த்தார். நான் நடுவில் மொழிபெயர்த்தேன். தோலை எப்படி உரிப்பது என்று இருவரும் திரையில் காட்டிக்கொண்டார்கள். கல்யாணம், சம்பளம், "ஏன் முக்காடு?" ஆகிய மூன்றையும் கேட்கக் கூடாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

10. செய்தி கெட்டுப்போன நாளில்

2018 மே 13, ஞாயிறு. இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் மூன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. நான் திருப்பலி முடிந்து வரும்போது அவளிடமிருந்து வந்திருந்தது: "எனக்கு வெட்கமாக இருக்கிறது." அவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்? "இதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று எழுதினேன். மறு வருடம் மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்தவர்களை ஒருவன் சுட்டான். அன்று நான் முதலில் எழுதினேன்.

இந்த நாட்களில் "இதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஒரு சமூகம் முழுவதற்கும் உங்கள் தோழியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல ஆகும் அது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் வருவதை அவளுக்குத் தள்ளிவிடவும் வேண்டாம்.

11. பரிசுப் பொட்டலம்

சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பொருளை அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்று தபால் நிலையத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முஸ்லிம் நண்பருக்கு நம் கிறிஸ்துமஸ் கேக் வேண்டாம். அதில் ஒயின் இருக்கும். ஜெலட்டின் கலந்த மிட்டாயும் வேண்டாம். முந்திரிக்கொத்து, தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டிலும் சிக்கல் இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

12. இருவருக்கும் பொதுவான ஒரு நாள்

இதை நான் கேட்க மூன்று வருடம் ஆனது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அலை முதலில் அவர்கள் ஊரை அடித்தது, பிறகு எங்கள் ஊரை. ஆச்சேயில் அந்தத் தேதியில் யாரும் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று கடல் தலைவர்கள் விதித்திருக்கிறார்கள். எங்களுக்கு அன்று கல்லறைத் தோட்டமும் மெழுகுவர்த்தியும்.

இப்படிப்பட்ட நாளைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், "இந்த நாளைப் பற்றிப் பேசலாமா, பேச வேண்டாமா?" என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவள் பேசலாம் என்றாள். எங்கள் வழக்கம் இப்போது இதுதான்: அன்று காலையில் அழைப்பு இல்லை, படம் இல்லை. அவள் மூன்று பெயர்களை எழுதி அனுப்புவாள். நான் இரண்டு பெயர்களை அனுப்புவேன். அந்த ஐந்து பெயர்களையும் அவள் அங்கே துஆவில் சொல்வாள், நான் இங்கே திருப்பலியில் சொல்வேன். இரவில்தான் பேசுவோம், பெரும்பாலும் மீன் விலையைப் பற்றி.